போக மாட்டேன் என்ற மூன்று மல்லர்கள்

2019 ஜூலை கடைசி வாரம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் காலை ரயிலில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகும் பிரெக்சிட் சண்டை சூடுபிடித்திருந்தது. போரிஸ் ஜான்சன் அப்போதுதான் அங்கே பிரதமராகியிருந்தார்.

"போறேன்னு சொன்னா போகணும் சார். மூணு வருஷமா வாசப்படியில நின்னுக்கிட்டு செருப்பு தேடினா என்ன அர்த்தம்?" என்றார் ஜன்னலோரத்துக்காரர். மடியில் சாப்பாட்டுப் பை.

"நாப்பத்தாறு வருஷக் கூட்டுக்குடித்தனம். சாமான் பிரிக்க வேணாமா?" இது எதிர் சீட்டு.

"அவன் பிரிஞ்சா என்ன, சேர்ந்தா என்ன? நம்ம மாவட்டமே பிரியுது, அதைப் பேசுங்க" என்று நின்றுகொண்டு வந்தவர் குறுக்கே விழுந்தார்.

வாஸ்தவம். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டைப் பிரிப்பதாக ஜூலை 18 அன்று சட்டசபையில் அறிவித்திருந்தார்கள். நவம்பர் 29 அன்று திறப்பு விழாவும் முடிந்துவிட்டது. நாலரை மாதத்துக்கும் குறைவு. பிரிட்டனில் 2016 ஜூன் 23 அன்று ஓட்டுப் போட்டவர்கள் 2020 ஜனவரி 31 அன்றுதான் வெளியே காலை வைத்தார்கள். எங்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. வேகத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செங்கல்பட்டு ஜில்லா என்றுதான் பெயர். கலெக்டர் மட்டும் செங்கல்பட்டில் உட்கார மாட்டார். முதலில் கருங்குழி. 1859 முதல் 1968 வரை சைதாப்பேட்டை. பிறகு காஞ்சிபுரம். கல்யாணப் பத்திரிகையில் எங்கள் பெயர், பந்தி மட்டும் பக்கத்து வீட்டில். 1997-இல் திருவள்ளூர் தனியாகப் போனபோது மிச்சத்துக்குக் காஞ்சிபுரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்; பத்திரிகையிலிருந்தும் எடுத்தாயிற்று. 2019-இல்தான் பெயரும் நாற்காலியும் ஒரே ஊரில் சேர்ந்தன. ஆனால் பல்லவர்களின் தலைநகரம் அந்த மாவட்டத்திலும், அவர்களுடைய துறைமுகமான மாமல்லபுரம் இந்த மாவட்டத்திலுமாகப் போய்விட்டது. நடுவில் சுங்கச்சாவடி வைக்காமல் விட்டார்கள். பரனூரில் இருப்பதே போதும்.

"பிரியறது பெரிசில்ல சார். பிரிஞ்சு கிடக்கற வீட்டுக்கு யார் பெரியவனா வர்றதுங்கறதுதான்" என்றார் ஜன்னலோரம். இதே தலைவலியைப் பல்லவர்கள் பட்டிருக்கிறார்கள் என்று நான் வாயை விட்டேன். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியிருந்தது, நேரம் இருந்தது.

கி.பி. 730 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோனான். உட்கார வைக்கப் பிள்ளை இல்லை. வடக்கே சாளுக்கியன், தெற்கே பாண்டியன், ஊருக்குள் ஆளுக்கொரு கட்சி. அமைச்சர்களும் காஞ்சிக் கடிகைப் பேராசிரியர்களும் குடிமக்களும் சேர்ந்து ராஜா தேடிக் கிளம்பினார்கள். வாத்தியார்களை நம்பி அந்த வேலையைக் கொடுத்த காலம் அது. அவர்கள் பிடித்தது இரணியவர்மன் என்கிற பங்காளியை. பங்காளி என்றால் பக்கத்து வீடு இல்லை; ஐந்து தலைமுறைக்கு முன்னால் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனோடு பிரிந்துபோன கிளை. அவன் எந்த ஊரில் இருந்தான் என்பதில் அறிஞர்களுக்குள் அடிதடி. கம்போடியா பக்கம் என்பார் ஒருவர், கடலே தாண்டவில்லை என்பார் இன்னொருவர்.

அவனுக்கு நான்கு பிள்ளைகள். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன், பல்லவமல்லன். ரணம் என்றாலும் போர், சங்கிராமம் என்றாலும் போர். பெயரிலேயே இரண்டு யுத்தத்தை வைத்துக்கொண்டிருக்கிற பையன்கள். வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மூத்தவன் போக மாட்டேன் என்றான். ரணமல்லன் போக மாட்டேன் என்றான். சங்கிராமமல்லனும் அதையே சொன்னான். நான்காவது பிள்ளைதான் நான் போகிறேன் என்றது. வயது பன்னிரண்டு. அப்பா கலங்கிப்போனார், தரணிகொண்ட போசர் என்கிற பெரியவர் தைரியம் சொன்னபிறகே அனுப்பினார். பையன் மலை, ஆறு, காடெல்லாம் தாண்டி காஞ்சிக்கு வந்து நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூட்டிக்கொண்டான். இதெல்லாம் நான் ரயிலில் கட்டிய கதை இல்லை. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் சிற்பமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது.

"அப்ப பிரதமரா இருந்த கேமரூன் ஓட்டுப்பதிவு நடந்த மறுநாளே ராஜினாமாவ அறிவிச்சிட்டாரே, அது மாதிரியா?" என்றார் எதிர் சீட்டு. அதே மாதிரிதான். 2016-இல் ஜான்சனும் போட்டியிடவில்லை என்று ஒதுங்கினார். மூன்று வருஷம் கழித்து அந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். அந்த மாதிரித் துறவுக்கு மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் கீழே பாருங்கள், ஒரு பூனை பின்னங்காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும். காலடியில் எலிகள். மேலே நடப்பது அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்கி வருவதா என்று நூறு வருஷத்துக்கும் மேலாகத் தகராறு. பூனையைப் பற்றி மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம், அது போலிச் சாமியார். 2019 அக்டோபர் 11 அன்று மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அந்தப் பாறைக்கு எதிரே நின்றார்கள். அன்றைக்கும் பூனை கையை இறக்கவில்லை.

பையன் கதைக்கு வருவோம். வாரிசுச் சான்றிதழிலேயே கோளாறு. காசாக்குடிச் செப்பேடு அவனைப் பங்காளி வழி, குடிகள் தேர்ந்தெடுத்தவன் என்கிறது. உதயேந்திரம் செப்பேடு கூசாமல் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது. தாலுகா ஆபீஸில் கொடுத்திருந்தால் இரண்டையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். எதிர்க்கட்சி சித்திரமாயன், பாண்டியன் ஆதரவு அவனுக்கு. நந்திபுரத்தில் நந்திவர்மனை முற்றுகையிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தளபதி உதயசந்திரன் வந்து சித்திரமாயனைத் தீர்த்துக்கட்டியதால் ராஜா பிழைத்தார். அடுத்தது சாளுக்கிய விக்கிரமாதித்தன். காஞ்சிக்குள்ளேயே நுழைந்துவிட்டான். கைலாசநாதர் கோயிலைப் பார்த்தான், மலைத்தான், கோயில் பொன்னைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்தில் அங்கேயே கல்லில் வெட்டிவைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினான். எதிரி வந்துபோனானா, சுற்றுலா வந்துபோனானா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

"அப்புறம் எத்தனை நாள் தாங்கினான் அந்தப் பையன்?"

மாமல்லபுரத்துக் கல்வெட்டு ஒன்று நந்திவர்மனின் 65-ஆவது ஆட்சியாண்டைச் சொல்கிறது. கேட்டதும் பெட்டியில் ஒரு நிமிஷம் சத்தமில்லை. கேமரூனுக்குப் பிறகு பிரிட்டன் எட்டு வருஷத்தில் ஐந்து பிரதமர்களைப் பார்க்கப்போகிறது, அதில் லிஸ் டிரஸ் 49 நாள் என்பதெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தாம்பரம் வரை அதையே பேசியிருப்போம்.

கிண்டி தாண்டியதும் ஜன்னலோரத்துக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், அந்த மூணு அண்ணன்காரனுங்க? அவனுங்க என்ன ஆனாங்க?"

அவர்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வரிகூடக் கிடையாது என்றேன்.

"சோறு தின்னுட்டு நிம்மதியா தூங்கியிருப்பானுங்க" என்று சொல்லிவிட்டு சைதாப்பேட்டையில் இறங்கிப் போனார்.