பழையதைக் கொடுத்துப் புதியதைக் கெடுப்பது எப்படி?

சிக்கனமாகக் குடும்பம் நடத்துவதில் உங்களுக்கு ஏற்கெனவே நல்ல தேர்ச்சி இருக்கிறது. பரணில் ஏறிப் பார்த்தாலே தெரியும். கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி தெர்மகோலோடு பத்திரமாக இருக்கிறது. கிரைண்டர் போய்ப் பல வருஷம் ஆகிறது. எனவே புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க நான் வரவில்லை. இதுவரை ஏனோதானோவென்று செய்துவந்ததை இனி முறைப்படி செய்யப்போகிறீர்கள், அவ்வளவுதான். கீழே உள்ள படிகளை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள்.

1. விலை போகும்போது விற்காதீர்கள்

ஓடுகிற பொருளை விற்க மனசு வராது. அந்த மனசை அப்படியே காப்பாற்றுங்கள். புது செல்போன் வாங்கியதும் பழையதை மேஜை டிராயரில் போட்டு, “அவசரத்துக்கு ஆகும்” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். சார்ஜ் ஏற்ற வேண்டாம். பேட்டரி உப்பிப் பின்மூடி தானே பிளந்துகொள்ளும் நாள்தான் விற்பனைக்கு உகந்த நாள்.

பின்பக்கம் புடைத்த பழைய டிவிக்கும் இதே விதி. தட்டை டிவி வந்த புதிதில் ரிப்பேர் கடைக்காரர் அதற்கு ஏதோ ஒரு விலை கேட்டார். நீங்கள் கொடுக்கவில்லை. பூப்போட்ட உறை மாட்டிப் பரணில் ஏற்றினீர்கள். சரியான முடிவு. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் இன்று பழைய சாமான்காரர் தொட யோசிக்கிறார். பரணிலிருந்து இறக்க அவர் கூலி கேட்கும் கட்டம் வந்துவிட்டால், முதல் படியில் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

2. துணி போட்டுப் பாத்திரம் வாங்குங்கள்

தெருவில் “பழைய துணிக்குப் பாத்திரேம்” என்று குரல் கேட்டதும் கீழே இறங்கிப் போகாதீர்கள். அந்த அம்மாளைக் கூடையோடு மூன்று மாடி ஏறிவரச் சொல்லுங்கள். வந்ததும், இருக்கிற பாத்திரத்தையெல்லாம் தரையில் பரப்பச் சொல்லுங்கள். அதன் பிறகு துணி தேட உள்ளே போங்கள்.

பேன்ட் எடுபடும், நைட்டி எடுபடாது, கிழிசல் கணக்கிலேயே சேராது. இதெல்லாம் தெரிந்திருந்தும் நைட்டியிலேயே பேரத்தைத் தொடங்குங்கள்.

“அக்கா, இது சாயம் போயிருச்சு. நாலு பேன்ட்டு போடுங்க, இந்த டப்பாவ எடுத்துக்கங்க.”

“நாலா? கல்யாணத்துக்கு எடுத்த பேன்ட்டும்மா இது. மூடியோட குடு.”

“மூடி தனிக் கணக்குக்கா.”

இந்த இடத்தில்தான் உங்கள் கடைசி ஆயுதத்தை எடுக்க வேண்டும்: பீரோ அடித்தட்டில் இருக்கும் மாமியாரின் காஞ்சிபுரம் பட்டு. மடிப்பு மடிப்பாக நைந்துவிட்டது, இனி கட்ட முடியாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகவே பழைய பட்டுச் சேலை வாங்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கெல்லாம் அலைய யாருக்கு நேரம்? கொடுத்துவிடுங்கள். மூடி உடனே கிடைக்கும். அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினால், பேரத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டதாக அர்த்தம்.

3. பேப்பர்காரரிடம் கறாராக இருங்கள்

இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை, தமிழ்ப் பேப்பருக்கு அதைவிடக் குறைந்த விலை. ஏன் என்று அவரிடம் மொழிப்பற்றோடு சண்டை போடுங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரும்வரை வாசலைவிட்டு நகராதீர்கள். அவர் ஒத்துக்கொண்டதும், ஜெயித்த களைப்பில் காபி குடிக்க உள்ளே போய்விடுங்கள். அவர் எடை போடுவது அப்போதுதான்.

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. கொக்கித் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அநாகரிகம். ஒரு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடியது நாகரிகம்தான், கவலைப்படாதீர்கள்.

கட்டு கட்டும்போது, பில்களும் வாரண்டி கார்டுகளும் இருக்கும் பழுப்புக் கவரையும் உள்ளே செருகிவிடுங்கள். இது இல்லாமல் ஆறாவது படியைச் செய்ய முடியாது.

4. பாட்டி பாத்திரத்தை எடைக்குப் போடுங்கள்

ஈயம் போன பித்தளையில் புளியோ மோரோ வைத்தால் களிம்பேறும். மறுபடி ஈயம் பூசுவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தேய்த்தால் உள்பக்கம் வெள்ளியாகப் பளபளக்கும். ஆனால் அதற்கு ஈயம் பூசுகிறவரைத் தேட வேண்டும். எடைக்குப் போடுவதென்றால் தேடவே வேண்டாம், கடை தெருமுனையிலேயே இருக்கிறது.

போட்டுவிட்டுச் சில வருஷம் பொறுங்கள். கூடத்தில் உருளி வைத்துப் பூ மிதக்கவிடும் ஆசை உங்களுக்கும் வரும். அப்போது அதே பித்தளையை ‘ஆன்டிக்’ என்ற பெயரில், கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்குங்கள். இங்கே பேரம் கூடாது. பேரமெல்லாம் கூடை சுமப்பவரிடமும் சைக்கிளில் வருபவரிடமும்தான். ஏசி போட்ட கடையில் பேரம் பேசினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

கையோடு ஒரு ஈயச் சொம்பும் வாங்கிவிடுங்கள். பாட்டியுடையதை எடைக்குப் போட்டாயிற்று. ரசம் மட்டும் அந்தக் காலத்து ருசியில் வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். சொம்பு நிறையத் தண்ணீரோ ரசமோ இருந்தால் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பும் பிழைக்கும். பாட்டி முதலில் ரசத்தை ஊற்றி அதன் பிறகு அடுப்பைப் பற்றவைத்தது இதனால்தான். நீங்கள் அடுப்பைப் பற்றவைத்து, வெறும் சொம்பை ஏற்றிவிட்டுப் புளி கரைக்கப் போங்கள். திரும்பி வரும்போது பர்னர்மேல் வெள்ளிக் குழம்பாக ஓடிக்கொண்டிருக்கும். பர்னரையும் மாற்ற வேண்டியிருக்கும், அது கூடுதல் பலன்.

5. ரிப்பேரை நீங்களே தொடங்குங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. நிதானமாகப் படியுங்கள்.

மிக்சி திடீரென்று நின்றுவிட்டதா? கவிழ்த்துப் பார்க்காதீர்கள். பெரும்பாலான மிக்சிகளின் அடியில் சிவப்பாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஜாரில் அளவுக்கு மீறித் திணித்து மோட்டார் திணறினால், கருகாமல் காப்பாற்ற அது தானாக விழுந்துவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். இந்தப் பொத்தானைப் பற்றித் தெரியாதவராகவே இருங்கள். நான்கு ஸ்குரூவையும் கழற்றுங்கள். உள்ளே பார்த்து, “காயில் போயிருச்சு” என்று வீட்டாருக்கு அறிவியுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்குரூ மிஞ்சும். அதற்கென்று ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று ஒதுக்குங்கள்.

ஜாரின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறதா? புஷ் தேய்ந்துவிட்டது. மிக்சி கடையில் புஷ் மாற்றிப் பிளேடையும் இறுக்கித் தருவார்கள். நீங்கள் ஃபெவிக்விக் விடுங்கள். பிளேடும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

மின்விசிறி தானாகச் சுற்றாமல், குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் மட்டும் சுற்றுகிறதா? தொண்ணூறு வயது தாத்தாவிடம் கேட்டாலும் “கன்டென்சர்” என்பார். வீட்டு விசிறிகளில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். எலக்ட்ரிக்கல் கடையில் நூறு ரூபாய்க்குள் அடங்கும். நீங்கள் முதலில் ரெகுலேட்டரை மாற்றுங்கள். பிறகு வோல்டேஜ்மேல் பழியைப் போட்டு ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள். அதன் பிறகு விசிறியையே மாற்றுங்கள். கழற்றிய பழைய விசிறியைப் பரணுக்கு அனுப்புங்கள், எதிர்காலத்தில் குச்சியோடு சேர்த்து உதவும்.

குக்கர் விசில் வராமல் ஓரமெல்லாம் ஆவி விடுகிறதா? கேஸ்கட்டை ஃப்ரீசரில் வையுங்கள். நாளைக்கும் வையுங்கள். விருந்தாளி வந்து ஐஸ் கேட்டால், கேஸ்கட்டை எடுத்துவிட்டு ஐஸைத் தேடுங்கள். புதிது வாங்கியே தீர வேண்டுமென்றால் வேறு கம்பெனியுடையதை வாங்குங்கள், அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். மூடியிலிருக்கும் சேஃப்டி வால்வு போய்விட்டால் அந்த ஓட்டையை ஸ்குரூ போட்டு அடைப்பவர்களும் உண்டு. வெயிட் வால்வு அடைத்துக்கொள்ளும்போது தான் உருகி ஆவியை வெளியே விடுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். உங்கள் சிக்கனத்தில் அதுவும் செலவுதான் என்றால், அடுக்களைக் கூரைக்கு வெள்ளையடிக்க இப்போதே பணம் ஒதுக்குங்கள். கண்ணுக்கும் சேர்த்து.

6. மெக்கானிக்குக்குப் பாடம் புகட்டுங்கள்

நீங்கள் கைவைத்த பிறகுதான் அவரைக் கூப்பிட வேண்டும். “யார் சார் இதத் தொறந்தது?” என்று கேட்பார். “யாரும் தொடவே இல்லையே” என்று சொல்லுங்கள். “வாரண்டி இருக்குதா சார்?” என்பார். பழுப்புக் கவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும்போது அவர் தலைக்குமேல் நின்று யோசனை சொல்லுங்கள். ஐந்தே நிமிஷத்தில் சரிசெய்துவிட்டு இருநூறு கேட்டால் அதிர்ச்சி காட்டுங்கள்: “அஞ்சு நிமிஷ வேலைக்கு இருநூறா தம்பி?” அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பின்னால் எத்தனை வருஷத் தொழில் இருக்கிறது என்று அவர் வாதாட மாட்டார். நூறை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்தமுறை எல்லாவற்றையும் தரையில் பிரித்துப் போட்டு, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு அறுநூறு கேட்பார். “பாவம், எவ்வளவு மெனக்கெட்டான்” என்று மகிழ்ச்சியோடு கொடுப்பீர்கள். அவருக்கு இந்தத் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்த குரு நீங்கள்தான்.

2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் திறந்தது. எதை எங்கே சரிசெய்யலாம், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்ற விவரங்களைக் கம்பெனிகளிடமிருந்து வாங்கி ஒரே இடத்தில் வைப்பதற்காக. அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

7. ஆடித் தள்ளுபடியில் எக்ஸ்சேஞ்ச் செய்யுங்கள்

எக்ஸ்சேஞ்சுக்கு ஓடுகிற பொருளையே கொண்டுபோங்கள். ஓடாததைக் கொண்டுபோனாலும் அதே தொகையைக் கழிக்கும் கடைகள் உண்டு. அது அவர்களுக்கு நஷ்டமாயிற்றே! “பழசு எதுவும் தரலைன்னா என்ன வெலைக்குத் தருவீங்க?” என்ற கேள்வி உங்கள் வாயில் வரவே கூடாது. சமயத்தில் அதே விலையைச் சொல்லித்தொலைத்துவிடுவார்கள்.

பணத்துக்கு “வட்டியில்லாத் தவணை”யைக் கேளுங்கள். பூஜ்ய வட்டிக் கடன் என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. மொத்தமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது, பிராசஸிங் கட்டணமும் தனி. இருந்தாலும் பலகையில் பெரிய எழுத்தில் “பூஜ்யம்” என்று போட்டிருக்கிறார்களே. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

8. செல்போனிலேயே விற்றுவிடுங்கள்

சோபாவை ராத்திரியில் படம் எடுங்கள். காயப்போட்ட பனியன் ஒன்று படத்தில் தெரிய வேண்டும். வாங்கிய விலையில் ஐந்நூறு மட்டும் குறைத்துப் போட்டு, “மாமனார் ஆசையா வாங்கித் தந்தது” என்று எழுதுங்கள். அந்த ஆசைக்கும் விலை உண்டல்லவா?

வாங்க வருகிறவர் ஒருவர்தான். தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். சோபாவைப் பார்க்க வேண்டாம், விலையைக் குறைக்க வேண்டாம், பணம் இப்போதே அனுப்புகிறேன் என்பார். ஒரு ரூபாய்க்காகப் பேப்பர்காரரோடு சண்டை போட்ட நீங்கள் இவரை முழுதாக நம்ப வேண்டும்.

ஒரு கியூஆர் கோடு வரும். “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், பணம் உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்.” போடுங்கள். யுபிஐயில் பின் நம்பர் தேவைப்படுவது பணத்தைக் கொடுப்பதற்கு. வாங்குவதற்குத் தேவையே இல்லை. பணம் ஏறவில்லையே என்று கேட்டால் “சர்வர் பிராப்ளம், மறுபடி போடுங்க” என்பார். மறுபடியும் போடுங்கள்.

பணம் போனதும் பதற வேண்டாம். உடனே புகார் செய்தால், அடுத்த கைக்கு மாறுவதற்குள் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே முதலில் தம்பியிடம் சொல்லுங்கள். பிறகு மச்சானிடம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து, யாருடைய யோசனையால் சோபாவை விற்கப்போனோம் என்று பேசி முடிவெடுங்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் போனை எடுங்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான எண் 1930. எங்கேயும் எழுதிவைக்காதீர்கள்.