சும்மா ஒரு சந்தேகம் சார்

காலை கும்மிடிப்பூண்டி லோக்கலில் மீஞ்சூரில் ஏறுகிற கூட்டத்தைக் கவனியுங்கள். ஐம்பதைத் தொட்ட ஒருவர்: மேலே இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, கீழே சேஃப்டி ஷூ, தோளில் லேப்டாப் பை. அவர்தான் கன்சல்டன்ட் சார். சட்டை போன வருஷத்துத் தொழில். ஷூ இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

சிப்காட்டில் மெயின்டனன்ஸ் மேனேஜராக இருந்தவர். "ஒரு கம்பெனிக்குச் சொல்றதை நாலு கம்பெனிக்குச் சொன்னா நாலு சம்பளம்" என்று கணக்குப் போட்டார், பேப்பரும் போட்டார். வீடு வள்ளூரில். மொட்டை மாடியில் பல் தேய்த்தபடியே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கு ஒரு யூனிட் நின்னிருக்கு" என்பார். தலைக்கு 500 மெகாவாட்டாக மூன்று யூனிட். மூன்றைப் பற்றியும் இவருக்குத் தனித்தனிக் கருத்து உண்டு. என்டிபிசியும் மின்வாரியமும் கூட்டாக நடத்துகிற நிலையம் அது. இரண்டு பேரில் ஒருவராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறார்.

விசிட்டிங் கார்டில் 'நிறுவனர், முதன்மை ஆலோசகர்'. ரிப்போர்ட்டில் 'எங்கள் குழு ஆய்வு செய்ததில்' என்றுதான் எழுதுவார். குழு என்பது இவரும், எக்செல் தெரிந்த மகளும். செமஸ்டர் நேரத்தில் குழு பாதியாகிவிடும்.

முன்பு இவர் பைக் சத்தம் கேட்டதுமே கேட்டைத் திறந்து சல்யூட் வைத்த செக்யூரிட்டிகள்தான் இந்த வட்டாரம் முழுக்க. இப்போது நோட்டைத் தள்ளுகிறார்கள். பெயர், லேப்டாப் நம்பர், யாரைப் பார்க்க, எதற்காக. 'எதற்காக' என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கும். பிறகு விசிட்டர் ஹெல்மெட் தருவார்கள். அதில் நேற்று வந்தவர் தலை எண்ணெய் இன்னும் காயாமல் இருக்கும்.

உள்ளே போய்விட்டால் மனுஷன் வேறு ஆள். லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம், காது போதும். மெஷின்கள் நிற்கிற சாப்பாட்டு நேரத்தில் கண்ணை மூடி நிற்பார். எங்கோ 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். "ஏர் லீக். ஏழு பார் பிரஷர்ல 3 மில்லிமீட்டர் ஓட்டைன்னா கிட்டத்தட்ட 3 கிலோவாட் போகுது. ராப்பகலா ஓடினா மாசத்துக்கு 2,000 யூனிட்டுக்கு மேல, சும்மா காத்துல." முதலாளி முகம் மாறும். இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, மீதியை ரிப்போர்ட்டில் சொல்கிறேன் என்று கிளம்புகிறவன் கன்சல்டன்ட். நம்மவருக்கோ கை நமநமக்கும். "கண்டுபிடிச்சிட்டீங்க, அப்படியே அடைச்சு விட்டுட்டா என்ன சார்?" என்று முதலாளி கேட்டு முடிப்பதற்குள், பக்கத்தில் நிற்கிற பீகார் பையனிடம் ஸ்பேனரை வாங்கி, டெஃப்லான் டேப் சுற்றி, ஜாயின்ட்டை இறுக்கிவிட்டிருப்பார். முழுக்கைச் சட்டையில் கிரீஸ். அன்றிரவு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால் பரிந்துரைக்க ஒன்றுமே மிச்சமிருக்காது.

பில் அனுப்புவது தனி வேலை, வசூல் தனித் தொழில். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி கட்டாயம். இவர் வரவு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால், "நம்பர் இல்லாத கன்சல்டன்ட்டா?" என்று ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் புருவத்தைத் தூக்கியதில் மானம் போய், பதிவு செய்துகொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு மாசமும் 20-ஆம் தேதிக்குள், கைக்கு வராத பணத்துக்கு 18 சதவீதம் கட்டி வருகிறார். வரும்போது 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வரும், வந்தால். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உத்யம் பதிவும் கையில் இருக்கிறது. அதைச் சொன்னால் அக்கவுண்ட்ஸில் சிரிக்கிறார்கள். "செக் ரெடி சார், முதலாளி கையெழுத்துதான் பாக்கி. அவர் திருப்பதி போயிருக்காரு." இந்தப் பகுதி முதலாளிகளைப் போல பெருமாளுக்கு வேண்டியவர்கள் வேறெங்கும் இல்லை.

இதற்கு நடுவில் போன். "சார், சும்மா ஒரு சந்தேகம்." இவருடைய தொழிலுக்கு வைக்கிற கொள்ளி இந்த 'சும்மா'தான். பவர் ஃபேக்டர் ஏன் இறங்குகிறது, பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தால் எந்த ஃபைலை முதலில் காட்டுவது என்று கேட்பார்கள். பொன்னேரியில் ஆரம்பித்துக் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லி, "படம் வரைஞ்சு வாட்ஸ்அப்ல போடுறேன்" என்று முடிப்பார். ஃபீஸ் என்ற சொல் நாக்கு நுனி வரை வரும், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று வெளியே வரும்.

போன ஞாயிறு வீட்டு மோட்டார் பைப்பில் ஒழுகல். சார் குனிந்து பார்த்து, மூல காரணத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். "ஏங்க, கொஞ்சம் நகருங்க" என்று வீட்டம்மா பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார். பத்து நிமிஷ வேலை. "வந்து பார்த்ததுக்கு 200, அடைச்சதுக்கு 300" என்று பிளம்பர் கையை நீட்டினார். பணம் கைமாறியது. ஜிஎஸ்டி இல்லை, டிடிஎஸ் இல்லை, திருப்பதி இல்லை.

சார் அவரைக் கேட் வரை கொண்டுபோய் விட்டார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, சும்மா ஒரு சந்தேகம். வந்து பார்த்ததுக்கெல்லாம் எதுக்குக் காசுன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா, அடைச்சதைத் திறந்து விட்டுட்டுப் போயிடுவேன் சார்."