ஆறு அர்த்தமும் ஓர் ஆறும்

மருமவனே, பேங்க் பரீட்சைக்கு ராப்பகலா முட்டி மோதிப் படிக்கீராம். ‘கரண்ட்’டுங்கிற ஒத்த வார்த்தைக்கு ஆறு அர்த்தம், எட்டு இணைச்சொல்லுன்னு மூச்சுவிடாம ஒப்பிக்கீராம். உங்க அம்மை தெருத்தெருவாச் சொல்லிப் பூரிச்சுப் போறா. நல்லா இரும். பெரிய படிப்பாளிக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கும்போது சும்மா இருந்தா ஊரு ஒப்புமா?

நம்ம ஊருல அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம். ஒண்ணு கரண்ட் போச்சு, இல்லேன்னா கரண்ட் வந்துட்டு. அதுலயும் வயக்காட்டுல மோட்டார் போடுதவனுக்கு மூணு பேஸும் வந்தாத்தான் கரண்ட். ஒத்த பேஸ் வந்தா அது வெறும் வெளிச்சம். இதை எந்த அகராதியும் உமக்குச் சொல்லாது வே.

வெள்ளைக்காரன் அந்த வார்த்தையை லத்தீன்ல இருந்து பிரெஞ்சுக்காரன் வழியா வாங்கினான். அடிவேருக்கு ஓடுறதுன்னு அர்த்தம். ஆத்துக்கும் கடலுக்கும் வச்சிருந்த பேரை, மின்சாரம் வந்ததும் தூக்கி அதுக்கும் வச்சுட்டான். நாமளும் சளைக்கலை. நீரோட்டம், மின்னோட்டம், காத்தோட்டம், ரத்த ஓட்டம்னு எல்லாத்தையும் ஓடவிட்டோம். பேங்க் வாசப்படிக்கு வந்ததும் நமக்குக் கால் வலிச்சிருக்கும் போல. கரண்ட் அக்கவுண்டுக்கு ‘நடப்புக் கணக்கு’, கரண்ட் அஃபேர்ஸுக்கு ‘நடப்பு நிகழ்வு’ன்னுட்டோம். அவன் ஓடவிட்டதை நாம நடக்கவிட்டுட்டோம். கடனுக்கு மனு கொடுத்துட்டு அலையுதவனைக் கேட்டுப் பாரும், தமிழ்தான் சரின்னு சத்தியம் பண்ணுவான்.

அது போகட்டும். ஃப்ளோ, டைட், வேவ், ட்ரிஃப்ட்னு ஒரு வரிசை வச்சிருக்கீரே, எல்லாம் ஒண்ணுதான்னு புத்தகம் சொல்லுதாக்கும்? பரீட்சையில அப்படி எழுதினா மார்க்கு. தண்ணியில அப்படி நினைச்சு இறங்கினா மாலை.

வேவுன்னா அலை. ஆழக்கடல்ல ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுப் பாரும். அலை வந்தா ஏறும், போனா இறங்கும், கிட்டத்தட்ட போட்ட இடத்துலயே கிடக்கும். மட்டை விலகிப் போகுதுன்னா அது காத்தோட வேலை, இல்லேன்னா நீரோட்டத்தோட வேலை. மிஷினை நிறுத்தின படகு அப்படித் தன்னால இழுபட்டுப் போறதுதான் ட்ரிஃப்ட்.

டைடு சந்திரனும் சூரியனும் சேர்ந்து பண்ணுத ஏற்றவற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிஷம் போல ஆகும். 2004 சுனாமியைச் சில பேரு ‘டைடல் வேவ்’னு எழுதினாங்க. கடலுக்கடியில பூமி நடுங்கி வந்ததுக்குச் சந்திரன் மேல பழி!

ஃப்ளோ வேற கணக்கு. நொடிக்கு எத்தனை கன அடி போகுதுங்கிற அளவு அது. ஒரு கன அடின்னா 28 லிட்டர் சொச்சம். குறுகின வாய்க்கால்ல வேகம் இருக்கும், தண்ணி கொஞ்சந்தான் இருக்கும். அகலமான ஆறு மெதுவாப் போற மாதிரித் தெரியும், அந்த வாய்க்காலைப் போல நூறு வாய்க்கால் தண்ணியைக் கொண்டு போவும். மெதுவாப் போறதுனால அதைச் சாதுன்னு நினைச்சிராதேயும்.

உம்ம ஆறு அர்த்தத்துல ரெண்டு, ஒரே இடத்துல கைகோக்கிறதைப் பாக்கணுமா? பாபநாசத்துக்குப் போம். பொதிகை மலைத் தண்ணி குழாய்க்குள்ள இறங்கி, சக்கரத்தைச் சுத்தி, 1944-லிருந்து மின்சாரம் கொடுக்கு. ஓடுத தண்ணி கம்பியில ஓடுத கரண்டாகுது. மின்சாரத்தை உருவிட்டா தண்ணியில சத்துப் போயிருமேன்னு கவலைப்பட்டவங்களும் இருந்தாங்க. தண்ணியில ஒரு சொட்டும் குறையாது. விழுத வேகத்தைத்தான் எடுக்கான். அதே தண்ணிதான் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுல நெல்லுக்கும் வாழைக்கும் பாஞ்சு, மிச்சம் புன்னக்காயல்ல கடல் சேருது.

இப்பம் புத்திமதி. ஆறு வளையுத இடத்துல உள்பக்கம் மணல் கிடக்கும், வெளிப்பக்கம் ஆழமும் இழுப்பும் இருக்கும். செல்போன்ல போட்டோ பிடிக்க வெளிப்பக்கந்தான் அழகுன்னு அங்கன போய் நிக்காதேயும். அணைக்கட்டுக்குக் கீழ தண்ணி விழுத இடம் குளிக்கச் சுகமாத்தான் தெரியும். உள்ளுக்குள்ள சுழட்டிப் பிடிச்சா மேல விடாது. மேல அணையைத் திறந்துவிட்டா, முழங்கால் தண்ணி கழுத்துக்கு வர ரொம்ப நேரம் ஆகாது.

கடலுக்குப் போனாலும் உம்ம படிப்பு அங்க செல்லாது. அலை கொண்டாந்த தண்ணி திரும்பிப் போக ஒரு வழி வேணும்லா? அந்த வழியில அலை உடையாது, பாக்கச் சாந்தமா இருக்கும். நம்ம புத்திசாலிங்க குளிக்கத் தேடிப்போறது அந்த இடத்தைத்தான். இழுத்துதுன்னா கரையைப் பாத்து எதிர்நீச்சல் போட்டு வீரம் காட்டப்படாது. கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி இழுப்பை விட்டு விலகணும், அப்புறந்தான் கரைக்குத் திரும்பணும். எதிர்நீச்சல் போடுதது சினிமாப் பாட்டுக்குச் சரி, நுரையீரலுக்குச் சரிப்படாது.

இவ்வளவையும் எதுக்குச் சொல்லுதேன் தெரியுமா? ஆறு அர்த்தமும் அத்துபடியான உமக்கு ஆத்துல நாலு கை போடத் தெரியாது. அதை உங்க அம்மை தெருவுல யாருகிட்டயும் சொல்லலை, நானும் சொல்லலை. பரீட்சையை முடிச்சுட்டு, ஆத்துல தண்ணி குறைஞ்ச நேரமாப் பாத்து, படித்துறைக்கு வாரும். நீச்சல் சொல்லித் தாரேன், ஃபீஸ் வேண்டாம். அதுவரைக்கும் ஃபிரண்டுங்க கூப்பிட்டாலும் சரி, தண்ணியில இறங்கக் கூடாது. இதுக்கு ரெண்டாவது அர்த்தம் கிடையாது வே.