அடாப்டர் ஆசாமி

மென்பொருள் அலுவலகங்களில் ஓர் ஆசாமி உண்டு. திரைக்கு ஒரு ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று ஒயிட்போர்டில் மூன்று கட்டம் போடுவார். கட்டங்களுக்கு நடுவே சின்னதாகக் கோடு இழுத்து, "நாம எழுத வேண்டியது ஒண்ணுமே இல்ல" என்பார். அந்தக் கோட்டுக்கு எத்தனை நாள் என்று கேட்டால், "ஒரு அடாப்டர்தானே, ரெண்டு நாள்." ஆள் நன்றாகப் படித்தவர், உழைப்பாளி. ஆனால் லைப்ரரியும் ஃபிரேம்வொர்க்கும் அவருக்கு ஒன்றுதான். கல்யாண வீட்டில் லைப்ரரி சமையல்காரர் மாதிரி. கூப்பிட்டால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போவார். ஃபிரேம்வொர்க்கோ சம்பந்தி. அது கூப்பிடும்போது நம் புரோகிராம் போய் நிற்க வேண்டும். இரண்டு சம்பந்திகளும் தாங்கள் சொல்லும் நேரம்தான் முகூர்த்தம் என்றால் என்ன ஆகுமோ, அதுதான் அந்தச் சின்னக் கோட்டுக்குள் நடக்கிறது.

ஜாவாவில் திரைக்கான ஃபிரேம்வொர்க்குகளான ஸ்விங்கையும் ஜாவாஎஃப்எக்ஸையும் ஒரே ஜன்னலில் குடிவைத்தவர்களுக்கு இது தெரியும். திரையைத் தொட இரண்டுக்கும் தனித்தனி த்ரெட். அது முடிக்கட்டும் என்று இதுவும், இது முடிக்கட்டும் என்று அதுவும் காத்து நின்றால் தீர்ந்தது. புரோகிராம் சாகாது, எரரும் வராது. பட்டன் மட்டும் அமுங்காது. நம் ஆசாமி லாக் ஃபைலைத் திறந்து, "சுத்தமா இருக்கே" என்று திருப்திப்படுவார். அனுபவம் போதாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்று சொல்லவும் வழியில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கார்லன் குழுவினர் மென்பொருள் கட்டமைப்பையே ஆராய்பவர்கள். ஈசாப் என்ற கருவிக்காக நான்கு ஆயத்தப் பாகங்களைச் சேர்க்க 6 மாதம், ஓர் ஆளின் ஓராண்டு உழைப்பு போதும் என்று கணக்குப் போட்டார்கள். முதல் மாதிரி வர 2 ஆண்டும், ஏறக்குறைய ஐந்து ஆட்களின் ஓராண்டு உழைப்பும் ஆயின. 1995இல் அவர்களே எழுதிய கட்டுரையில், பாகங்களில் சில, கட்டுப்பாடு தங்கள் கையில்தான் என்று எண்ணியிருந்தது காரணங்களில் ஒன்றாக வருகிறது.

ஜாவாவிலேயே ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கும், டேட்டாபேஸைக் கவனிக்கும் ஹைபர்நேட்டும் ஆண்டுக்கணக்கில் ஒற்றுமையாக இல்லையா என்று ஆசாமி மடக்குவார். நியாயமான கேள்வி. அங்கே டிரான்சாக்‌ஷனை எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதை ஸ்பிரிங்கிடம் விட்டுவிட்டு ஹைபர்நேட் தன் டேபிள்களோடு ஒதுங்கிக்கொள்கிறது. அதற்கான ஏற்பாட்டை ஸ்பிரிங்கே செய்து வைத்திருக்கிறது. அப்படியும் ஹைபர்நேட்டின் செஷன் மூடிய பிறகு திரை மிச்சத் தகவலைக் கேட்டால், லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன் வந்து நிற்கும். எல்லாவற்றையும் நாமே எழுத முடியுமா என்பது அவருடைய அடுத்த அஸ்திரம். முடியாதுதான், யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. நாள் கணக்குப் போடும் முன், சேர்க்கும் ஃபிரேம்வொர்க்குகளில் எது தலைமை, எது அடங்கிப்போகும் என்று தீர்மானித்தால் போதும். மீட்டிங்கில் யாராவது இதைக் கேட்டுவிட்டால், ஆசாமி இரண்டு விநாடி யோசிப்பார். பிறகு, இந்த மூன்றையும் மேய்ப்பதற்கென்றே நான்காவதாக ஒரு ஃபிரேம்வொர்க் வந்திருப்பதாகச் சொல்லி லிங்க் அனுப்புவார்.