குளிருக்கு ஒரு வேன்

ஏப்ரல் வந்தால் ஐரோப்பியர் வெயில் தேடி விமானமேறி, பொத்துவில் அறுகம்பைக்கு வரத் தொடங்குவார்கள். கல்முனை, சாய்ந்தமருதுக்காரராகிய நாங்களோ வேன் பிடித்து, வெயிலுக்குத் தப்பி நுவரெலியாவுக்கு ஓடுவோம். மலைப்பாதை வளைவுகளில் இரு சாராரும் எதிரெதிரே கடக்கும்போது ஒருவரையொருவர் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொள்வது வழக்கம்.

1,868 மீட்டர் உயரத்தில் எங்களுக்கு ஒரே வேலை, நடுங்குவது. மருதமுனைச் சாரம், மேலே இரவல் ஸ்வெட்டர், காதை மூடிய கம்பளித் தொப்பி. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் உண்டான வாவிக்கரையில் பாய் விரித்து, ஊரிலிருந்து சுமந்துவந்த புரியாணிச் சட்டியைத் திறப்போம். குதிரைப் பந்தயமா, மலர்க் கண்காட்சியா? சோறு ஆறிவிடும், பிறகு பார்க்கலாம். இங்கிலாந்தை நினைத்து ஏங்கிய வெள்ளைக்காரர் வளர்த்த ஊரில் உம்மாவின் ஏக்கமெல்லாம் கல்முனைச் சந்தை மேல்தான்: "இங்க வாற மீனுக்குக் கண்ணே செவந்து போச்சு, மகன்!"

ஹஜ்ஜுப் பெருநாள் வேறு பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னேறி, 2029இல் ஏப்ரல் சீசனுக்குள்ளேயே நுழையப்போகிறது. அந்தப் பிறையை எங்களைவிட ஆவலாக வேன்காரர்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.