தேங்காய் சாஸ்திரம்

திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிகள் பாரத தேசத்தைச் சல்லடையாகத் துளைத்தபின் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறிவிட்ட இக்காலத்தில், நம் நாமக்கல் சீமை எஞ்சினீயர் ஒருவர், அக்கண்டத்துக் கிராமங்களுக்குச் சம்பளமின்றிக் குடிநீர்த் தொண்டாற்றப் புறப்பட்டதில் எனக்குப் பரம சந்தோஷமே. 1967-ல் பீகார் வறட்சிக்கு யூனிசெஃப் ஆகாய மார்க்கமாய் ரிக் அனுப்பியதும், பின்னர் நம் இந்தியா மார்க் 2 கைப்பம்பு ஆப்பிரிக்கக் கிராமங்களை அடைந்ததும் சரித்திரம். கடன் தீர்க்கத்தானே வேண்டும்!

ஆனால் பூகர்ப்ப சாஸ்திரம் பயின்ற அந்த மகானுபாவர், பிரயாணத்துக்கு முந்தின வாரம் தம் தோட்டத்தில், நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் கிடத்திய தேங்காய் குடுமியோடு எழுந்து நின்ற இடத்திலேதான் போர் போட்டார். ஆயிரம் அடி, கருங்கல் மாவு பறந்து வேட்டியெல்லாம் வெண்ணீறாயிற்று, ஈரமில்லை.

வழியனுப்பப் போனேன். பெட்டியைப் பூட்டிக்கொண்டே கேட்டார்: “அங்கெல்லாம் தேங்காய் கிடைக்குங்களா, மாமா?”