மருமவனே, எந்தப் பக்கம் தலை?

வால மருமவனே, உக்காரு. பொண்டாட்டி செயினை அடகு வச்சு இருதலை மணியன் வாங்கப் போறியாம்ல. நல்ல காரியம், தடுக்க நான் யாரு? சரக்கைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுப் போ.

நம்ம காட்டுல கெடக்குற மண்ணுளிப் பாம்புதான் அது. வெசம் கெடையாது. எலியைத் தின்னுட்டு மண்ணுக்குள்ள படுத்துக்கிடும். முட்டை போடாது, குட்டிதான். வேகமா ஓடவும் வராது. அதனால அரவம் கேட்டா தலையைச் சுருளுக்கு அடியில செருகிட்டு, மழுங்குன வாலைத் தூக்கிக் காட்டும். கடிக்க வந்தது வாலைத் தலைன்னு நெனச்சுக் கடிக்கும். வால்ல தழும்போட திரியுற பாம்பு எத்தனையோ இருக்கு.

பாம்பாட்டிக அந்த வால்லயே கண்ணும் வாயும் கீறிவிட்டு, ஆறு மாசம் இங்க தலை, ஆறு மாசம் அங்க தலைன்னு சொல்லிச் சில்லறை பாத்தாங்க. உன் தரகன் கோடியில பேசுதான். எடை கூடக் கூட வெலை கூடுமாம்ல. அது என்ன பாம்பா, புளியா?

ரஸ்ஸல்னு ஒரு வெள்ளக்கார டாக்டரு 1801-லயே இதைப் பத்தி எழுதி, தரங்கம்பாடி ஜான் பாதிரியார் பேரை வச்சாராம். சயின்ஸ் வாத்தியார் சொன்னாரு. கோடி பெறும்னா பேரை மட்டும் வச்சுட்டுச் சும்மாவா போயிருப்பாக?

ஆனா நீ வாங்கப் போறது இது இல்ல, பாத்துக்கோ. இதுல ஒரு கிளையினம் இருக்கு, நானே கண்டுபிடிச்சது. அது தரகனோட செல்போன் வீடியோவுல மட்டும்தான் வாழும். தீனி, அட்வான்ஸ். பாம்பைக் கண்ணுல காட்டுன்னு நீ கிட்டப் போனா, 'பார்ட்டி மெட்ராஸ்ல இருந்து கெளம்பியாச்சு'ன்னு சத்தம் குடுக்கும். இன்னும் நெருக்குனா போன் சுவிட்ச் ஆஃப் ஆயிரும். விடாமத் தொரத்துனேன்னு வையி, எங்கிருந்தோ ஒரு ஜீப்புல காக்கிச்சட்டை வந்து எறங்கும். ஃபாரஸ்ட்டா, வேசமான்னு நின்னு கேக்க ஒனக்குத் தைரியம் இருக்காது. எடுத்துருவ ஓட்டம்.

ஸ்டேஷனுக்குப் போலாம்னா அதுவும் முடியாது. 1972-ல போட்ட வனவிலங்குச் சட்டத்துல இதைப் பிடிச்சாலும் குத்தம், வித்தாலும் குத்தம், வாங்குனாலும் குத்தம். 'ஐயா, பாம்பு வாங்கக் குடுத்த பணம் போச்சு'ன்னு எழுதிக் குடுத்தா, அந்தக் காயிதமே உன் மேல கேசு.

அசல் மண்ணுளிதான் வேணும்னா நம்ம கெழக்கு வரப்புல ஒண்ணு கெடக்கு. பாக்குறதுக்கு அட்வான்ஸ் வேண்டாம். தொட்டேன்னா மட்டும் ஃபாரஸ்ட் ஆபீசுக்கு நானே போன் போட்ருவேன், அக்கா மகன்னெல்லாம் பாக்க மாட்டேன்.